16 சேனல் இருந்தும் வீடியோ தடுமாறுவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலத்தில் எம்.இ. படிக்கிறேன். கிளஸ்டருக்கான (சேர்ந்து இயங்கும் கணினித் தொகுப்பு) வார்ம்ஹோல் ரவுட்டர் ஒன்றை சிமுலேட்டரில் எழுதியிருக்கிறேன். மெசேஜை ஃப்ளிட் எனும் சிறு துண்டுகளாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்தும் ரவுட்டர் அது. 8 போர்ட், செகண்டுக்கு 400 மெகாபிட் லிங்க், 32 பிட் ஃப்ளிட். செகண்டுக்கு 4 மெகாபிட் வீடியோக்களோடு ஃபைல் காப்பியும் சேர்ந்து ஓடினால் படம் தடுமாறுகிறது. விர்ச்சுவல் சேனலை (ஒரே லிங்கைப் பகிரும் தனித்தனி வரிசைகள்) 4-லிருந்து 16 ஆக்கியும் பயனில்லை. எங்கே கோளாறு?

வாசகி, அஸ்தம்பட்டி

அன்புள்ள வாசகிக்கு,

சேனலைக் கூட்டினால் அடைப்பு குறையும். ஆனால் எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு வேகம் என்பதை முடிவு செய்வது, அடுத்து யார் போவது என்று தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர்தான். உங்களுடையது அநேகமாக ரவுண்ட் ராபின், அதாவது எல்லோருக்கும் முறை வைத்து வாய்ப்பு தருவது. அதற்கு வீடியோவும் காப்பியும் ஒன்றுதான்.

அங்கே விர்ச்சுவல் கிளாக்கை வையுங்கள். லிக்சியா ஜாங் 1990-ல் பாக்கெட் வலைகளுக்காகச் சொன்ன முறை இது. 2000-ல் வந்த மீடியாவார்ம் ரவுட்டர் அதை வார்ம்ஹோலுக்குள் கொண்டுவந்தது. உங்கள் லிங்கில் ஒரு ஃப்ளிட் கடக்க 80 நானோ செகண்ட் ஆகும். 4 மெகாபிட் என்றால் செகண்டுக்கு 1,25,000 ஃப்ளிட். ஆக ஒரு வீடியோவின் அடுத்தடுத்த ஃப்ளிட்டுக்கு இடைவெளி 8 மைக்ரோ செகண்ட். ஃப்ளிட் வந்ததும், சேனலின் கடிகாரம், இப்போதைய நேரம் இரண்டில் பெரியதை எடுத்து, அதோடு இந்த இடைவெளியைக் கூட்டி, சேனலின் கடிகாரத்தையும் அதற்கு நகர்த்தி, ஃப்ளிட்டில் நேர முத்திரை குத்துங்கள். சின்ன முத்திரைக்கே முதல் வாய்ப்பு. 'பெரியதை' என்பதை விட்டுவிட்டால், சும்மா கிடந்த ஓட்டம் பழைய பாக்கியையெல்லாம் ஒரே மூச்சில் கேட்கும். காப்பிக்கு இடைவெளி முடிவிலி; அதாவது வீடியோ போக மிஞ்சியதுதான் அதற்கு.

இதை எங்கே வைக்கிறீர்கள் என்பது மிக முக்கியம். ஒரு போர்ட்டின் எல்லாச் சேனல்களும் கிராஸ்பாரின் (உள்வரும் போர்ட்டை வெளிப்போகும் போர்ட்டோடு இணைக்கும் சுவிட்ச்) ஒரே வாயிலுக்குள் நுழையும் அமைப்பில் போட்டி நடப்பது அந்த வாயிலில்தான். வெளி லிங்கில் கொண்டுபோய் வைத்தால், வரிசை ஏற்கெனவே குலைந்த பிறகே முத்திரையைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு சேனலுக்கும் தனி வாயில் உள்ள முழு கிராஸ்பார் என்றால் வெளி லிங்க்தான் சரியான இடம்.

அடுத்து, வீடியோவுக்கும் காப்பிக்கும் சேனல்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் லாரி நின்றுபோனால் பின்னால் வரும் பேருந்தில் அவசர நோயாளி இருந்தும் பயனில்லை. காப்பி மெசேஜ் பிடித்து வைத்திருக்கும் சேனலுக்குப் பின்னால் நிற்கும் வீடியோவும் அப்படித்தான். அதன் முத்திரையை யாரும் பார்க்கப்போவதில்லை.

மாறும் வேக வீடியோவுக்கு இன்னொரு சிக்கல். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் சராசரி ஃபிரேம் 5,000 ஃப்ளிட். ஐ-ஃபிரேம் (முழுப் படத்தையும் சுமக்கும் பெரிய ஃபிரேம்) 15,000 ஃப்ளிட்டாக வந்தால், 8 மைக்ரோ செகண்ட் கணக்கில், நெரிசலான நேரத்தில், அது முழுதாகச் சேர 120 மில்லி செகண்ட் பிடிக்கும். கிடைக்கும் அவகாசமோ 40. ஆகவே இடைவெளியை ஃபிரேமுக்கு ஃபிரேம் கணக்கிட்டு ஹெடர் ஃப்ளிட்டிலேயே (மெசேஜின் முதல் ஃப்ளிட்) அனுப்புங்கள்: 15,000-க்கு 2.67 மைக்ரோ செகண்ட். ஃபிரேமை 20 ஃப்ளிட் மெசேஜ்களாக உடைத்து, 40 மில்லி செகண்டிலும் சீராகப் பரப்பி விடுங்கள். ஹெடர் வரும்போது கடிகாரம் புதிதாகத் தொடங்குவதால் ரவுட்டர் அளவு மீறலைத் தடுக்காது; அனுப்பும் கணினியின் நெட்வொர்க் கார்டுதான் கட்டுப்படுத்த வேண்டும்.

ஒரு லிங்கில் 70 ஓட்டங்களுக்கு மேல் ஏற்காதீர்கள். எல்லா ஓட்டங்களின் ஐ-ஃபிரேமும் ஒரே நேரத்தில் விழாதபடி தொடக்கத்தைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

சராசரி தாமதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். முழு ஃபிரேம் வந்து சேரும் இடைவெளியை அளந்து, அது 40 மில்லி செகண்டிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்று பாருங்கள்.