யாழ்ப்பாணத்தில் ஓய்வுநேரத்தில் மட்டும் ஓடுபவருக்கு றோட் பைக்கில் (மெல்லிய ரயருள்ள வேகச் சைக்கிளில்) எந்த பிரேம் பொருத்தம்: உருக்கா, அலுமினியமா, காபனா?

ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது நாற்பது கிலோமீற்றர் ஓடப்போவதாகவும், கனடாவிலிருந்து வரும் மைத்துனர் தம்முடைய பழைய காபன் இழைச் சைக்கிளைத் தர முன்வந்திருப்பதாகவும், உங்கள் பெரியப்பா தம் ரலி சைக்கிளைக் காட்டி "உருக்கைத் தவிர வேறொன்றையும் தொடாதே" என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வாங்குவதானால் அலுமினியப் பிரேமும் காபன் போர்க்கும் (முன்சில்லைப் பிடிக்கும் கவை) உள்ள, 32 மில்லிமீற்றர் அகல ரயர் போட இடம் விடுகின்ற ஒன்றை வாங்குங்கள் என்பதே என் கருத்து. நானும் உங்கள் பெரியப்பாவின் பக்கம் நின்றுவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

பெரியப்பா கண்டது பொய்யன்று. ஆனால் அந்தப் பழைய ரலி இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அதன் குழாய்கள் சாதாரண உருக்கால் தடிப்பாகச் செய்யப்பட்டவை என்பதே; அதனால்தான் முழுச் சைக்கிளும் பதினெட்டு, இருபது கிலோகிராம் நிறுக்கும். இன்று றோட் பைக்குகளில் வரும் உருக்கு, குரோமியமும் மொலிப்டினமும் கலந்த குரோமொலி எனப்படும் வலுவான கலப்புலோகம். அது வலுவானது என்பதாலேயே குழாயை மெல்லியதாக இழுத்து, இரு முனைகளில் மட்டும் சற்றுத் தடிப்பாகவும் நடுவில் அரை மில்லிமீற்றரளவு மெல்லியதாகவும் விடுகிறார்கள். குரோமொலியும் துருப்பிடிக்கும் உலோகமே. தடித்த குழாயில் வெறும் தழும்பாக நின்றுவிடும் துரு, மெல்லிய குழாயில் ஓட்டையாகிவிடும்.

என்னிடம் ஆறு ஆண்டுகள் அப்படியொரு குரோமொலிப் பிரேம் இருந்தது. பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போய் வருவதுதான் என் வழக்கமான ஓட்டம். இருபுறமும் கடல், மாரியில் மழைநீரும் உப்புக்காற்றும் சேர்ந்து எல்லா இடுக்குகளிலும் புகும். வெளிப்பூச்சு பளபளவென்றிருந்ததால் நான் உள்ளே பார்த்ததேயில்லை. சீற்றைத் தாங்கும் அலுமினியத் தண்டு உருக்குக் குழாயோடு இறுகிப்போய், ஒரு நாள் உயரத்தை மாற்ற முயன்றபோது அசைய மறுத்தது. இரு வேறு உலோகங்களுக்கு இடையே உப்புநீர் நின்றால் அலுமினியமே முதலில் அரிபட்டு, அந்த அரிப்புத்தூள் ஆப்புப்போல் இறுக்கிவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பெடல் அச்சுப் பூட்டும் அடிக்குழாயைக் கழற்றியபோது உள்ளிருந்து செந்தூளாகக் கொட்டியது. உருக்கை எந்த ஊரிலும் ஒட்டலாம் என்ற நம்பிக்கையில் கேற் ஒட்டும் கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். அவர் மீது குறையில்லை. கேற்றுக்கு ஏற்ற சூட்டில் வைத்ததும் அந்த மெல்லிய குழாய் வெண்ணெய்போல் உருகிவிட்டது. கைதேர்ந்தவர் பித்தளை வைத்து நிதானமாக ஒட்டினால் சரிவரும் என்பது உண்மைதான், ஆனால் அப்படியானவரைத் தேடிப்பிடிப்பது வேறு கதை.

எடைக்காகக் காபனை நாடுவதும் நம் ஊரில் பெரிதும் வீண். நல்ல காபன் பிரேம் ஒரு கிலோகிராம் அளவிலும், அலுமினியம் ஒன்றரைக்குச் சற்று முன்பின்னாகவும், குரோமொலி இரண்டு கிலோவை ஒட்டியும் நிற்கும். ஓடுபவரும் சைக்கிளுமாக எண்பது கிலோ என்று வைத்தால், காபனுக்கும் உருக்குக்கும் இடையிலான வேறுபாடு நூற்றில் ஒன்றுக்குச் சிறிது கூட. அதுவும் ஏற்றம் ஏறும்போதுதான் காலுக்குத் தெரியும். கீரிமலையே பெயரில் மட்டும் மலையாக இருக்கும் குடாநாட்டில் ஏற்றத்துக்கு எங்கே போவது? நமக்கு எதிராக நிற்பது சோளகக்காற்று. பண்ணையால் வேலணைக்கு எதிர்காற்றில் மிதித்துப் பார்த்தவருக்குத் தெரியும், அங்கே உதவுவது குனிந்து ஓடுவதே. அந்தக் காற்றுக்கு உங்கள் பிரேம் எதனால் ஆனது என்பதில் அக்கறையில்லை.

அலுமினியம் முதுகை உடைக்கும் என்ற பேச்சு நீங்களும் கேட்டிருப்பீர்கள். அலுமினியத்தின் எடையும் விறைப்பும் உருக்கினதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகையால் அதே விறைப்பைப் பெறக் குழாயை அகலமாக்குகிறார்கள். சுவர்த்தடிப்பு மாறாதிருக்க விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். முற்காலத்துப் பருத்த அலுமினியக் குழாய்கள் அளவுக்கு மீறி விறைத்திருந்தன. அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. உண்மையில் இரண்டு முக்கோணங்களாக அமைந்த எந்தப் பிரேமும் மேல்கீழாக மிகச் சிறிதளவே வளையும். குலுக்கலை வாங்குவது ரயரும் சீற்றுமே. 23 மில்லிமீற்றர் ரயரில் நூறு இறாத்தல் காற்றடித்து உள்வீதிகளில் ஓடினால் எந்தப் பிரேமும் பல்லைக் கிட்டவைக்கும். 32 மில்லிமீற்றர் ரயரில், உங்கள் எடைக்கேற்ப, அறுபது இறாத்தலையொட்டி அடித்து ஓடிப் பாருங்கள். பிரேமைப் பற்றிய விவாதமே மறந்துபோகும். அலுமினியத்துக்கு உலோகச் சோர்வு உண்டு, சிறு விசைக்கு உருக்கைப்போல் எல்லையின்றி வளைந்து நிமிராது என்பது சரியே. ஆயினும் வாரத்தில் ஒரு நாள் ஓடுபவரின் காலத்துக்கு அலுமினியப் பிரேமின் ஆயுள் பெரும்பாலும் போதியது.

நான்காவது உலோகமான தைத்தேனியம் (titanium) உப்புக்கு அஞ்சாது. விலைக்கு நாம் அஞ்ச வேண்டும்.

மைத்துனரின் சைக்கிளை உடனே மறுக்கவும் வேண்டாம், இனாமாக வருவது. காபன் துருப்பிடிக்காது, நாள்பட்ட ஓட்டத்தில் எளிதில் தளராது. அதன் பலவீனம் பக்கவாட்டு அடியும் அளவுமீறிய இறுக்கலுமாகும். உள்ளே இழைகள் பிளந்திருக்க வெளியே ஒரு கீறல் மட்டும் தெரியலாம். சீற் தண்டைப் பிடிக்கும் பூட்டு பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றரளவுக்கே இறுக்கப்படும், ஆகவே இறுக்கும் விசையை அளந்து காட்டும் முறுக்குமானி ஒன்றையும் கூடவே கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் அதில் விழுந்ததுண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பொதி கட்டுமுன் பின்சில்லுக்கு மேலேயும் இருபுறத்திலும் எத்தனை மில்லிமீற்றர் இடம் இருக்கிறது என்று அளந்து, படமும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 28 மில்லிமீற்றர் ரயராவது உரசாமல் போகுமானால் வாங்கிக்கொள்ளலாம். 25க்கு மேல் இடமில்லையென்றால் அது கனடாவிலேயே இருக்கட்டும்.