சுவருக்குள் குழாய்ச் சத்தம்: எங்கிருந்து வருகிறது?

யாரும் குழாயைத் திறக்காத நேரத்திலும் சுவருக்குள் சத்தம் கேட்கிறது என்கிறீர்கள். இடத்தைத் தேடுவது அப்புறம். முதலில் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்திய அதே நொடியில் 'டொம்' என்றால், வேகமாக ஓடிவந்த தண்ணீர் சட்டென நின்று குழாயை இடிக்கிறது. குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் இன்னும் பலமாகக் கேட்கும். வெந்நீர் ஓடியபின் 'டிக் டிக்' என்றால் குழாய் சூட்டில் நீண்டு சுருங்குகிறது, பெரும்பாலும் பயமில்லை.

எனக்குக் கவலை தருவது விடாத 'உஸ்' சத்தம்தான். பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டிதான் காரணம். தொட்டியில் கொஞ்சம் கலர்த் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் தொட்டியின் அடி வாஷர் தேய்ந்துவிட்டது. நிறம் இறங்கவில்லையா? சரி, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக் கேளுங்கள். சத்தம் கூடும் பக்கமாக நகர்ந்துகொண்டே போங்கள்.