சட்டைப்பையில் கிடக்கும் விலாசச் சீட்டு

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிநோய்க்கு மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். வேலூரில் நடக்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் - குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் குழு) கூட்டத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு சட்டைப்பையிலேயே கிடக்கிறது. அவரை எப்படிப் போகவைப்பது?
- ஒரு வாசகி, குடியாத்தம் அருகே

பதில்: சீட்டை வைத்துக்கொண்டு தானாகப் போகிறவர்கள் மிகக் குறைவு, சகோதரி. 1981-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், விவரம் மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்கூடக் கூட்டத்துக்குப் போகவில்லை. ஆலோசகர் எதிரிலேயே குழு உறுப்பினர் ஒருவருக்கு போன் போட்டுப் பேசவைத்து, துணைக்கு ஆளும் ஏற்பாடு செய்தபோது எல்லோரும் போனார்கள்.

நீங்களும் மையத்தின் ஆலோசகரிடம் இதையே கேளுங்கள். பேசுகிறவர் முன்னாள் ராணுவத்தினராக இருந்தால் இன்னும் நல்லது; வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் இரவு அந்த உறுப்பினர் உங்கள் கணவருக்கு ஒரு தடவை போன் செய்யட்டும், மறுநாள் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருக்கட்டும். வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. உள்ளே கட்டணமும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். உள்ளூரில் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் இருந்தால், தள்ளியிருக்கும் ஊர்க் கூட்டமே வசதி.

கிராமத்துக்காரர்களுக்கு அடுத்த தடை கடைசி பஸ். மாலைக் கூட்டம் முடிந்து திரும்ப பஸ் இல்லையென்றால் இரண்டாம் வாரமே நின்றுவிடும். பகல் கூட்டம் உண்டா, போனில் சேரும்படி தமிழ்க் கூட்டம் உண்டா என்று அந்த உறுப்பினரிடமே விசாரியுங்கள். பக்கத்து ஊர்களில் குடியை விட நினைக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே புதுக் குழு தொடங்கலாம் என்பது ஏஏ வழக்கம்.

ராணுவ கேன்டீனில் முன்னாள் ராணுவத்தினருக்குக் கிடைக்கும் மது கோட்டாவை மறந்துவிடாதீர்கள். மளிகை அட்டை தனி, மது அட்டை தனி. மது அட்டையை அவரே உங்கள் கையில் தரும்படி பேசுங்கள். பறித்தால் சண்டைதான் மிஞ்சும். "எனக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடு" என்று வருகிற உறவினருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

மறுபடி தினமும் குடிக்கத் தொடங்கினால், வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446.

உங்களைப் போன்ற குடும்பத்தினருக்கு அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அவர் கிளம்பும்வரை காத்திருக்காமல் நீங்கள் முதலில் போங்கள்.