கழுத்து வலிக்கிறதா? கையைக் காட்டுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஸ்கேன் ரிப்போர்ட்டின் போட்டோவோடு வந்தவை. எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, கை மரக்கிறதா என்று எழுதியவர்கள் சிலர்தான். எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். வயது 38. சாயங்காலமானால் பின்கழுத்து கல் மாதிரி இறுகிவிடுகிறது. கைக்கு வலி இறங்கவில்லை. நானாகவே எம்ஆர்ஐ எடுத்ததில் ‘சி5-சி6 டிஸ்க் பல்ஜ்’ என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அந்த ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுங்கள். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் இருந்தது. தலையில் நரை விழுவது போலத்தான் இதுவும்.

உங்களுக்கு வலிப்பது தசை. தலை ஏறக்குறைய 5 கிலோ. ஊசியைப் பார்த்துக் குனிந்தே இருந்தால் அந்தக் கனத்தைப் பின்கழுத்துத் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்டூல் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பீஸ் ரேட்டில் அடிக்கடி எழுந்திருக்க முடியாது என்பது தெரியும். நூல் கோன் மாற்றும்போதாவது நிமிர்ந்து தோளைச் சுழற்றுங்கள். கழுத்துத் தசையை வலுவாக்கும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி தூங்கவிடாத வலி, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கதை வேறு. நம் ஊரில் அப்போது முதுகெலும்புக் காசநோயையும் நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வலது தோளிலிருந்து நடுவிரல் வரை கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்கிறது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் சுகமாக இருக்கிறது. வயது 44. இது தோள்பட்டை வலியா, கழுத்து வலியா?

தலைமேல் கை என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. தோள் மூட்டில் கோளாறு என்றால் கையைத் தூக்கும்போது வலி கூடும். குறைகிறது என்றால் கழுத்தில் நரம்பு வேர், அதாவது தண்டுவடத்திலிருந்து கைக்குக் கிளம்பும் நரம்பின் தொடக்கம், அழுந்துகிறது. கை மேலே போனதும் அதன் இழுப்பு தளர்கிறது. கழுத்தில் எலும்பு 7, நரம்பு வேர் 8 ஜோடி. கட்டைவிரல் பக்கம் மரத்தால் ஆறாவது வேர், நடுவிரல் என்றால் ஏழாவது, சுண்டுவிரல் என்றால் எட்டாவது. அதிகம் மாட்டிக்கொள்வது ஏழாவதுதான்.

டாக்டர் உங்கள் தலையைப் பின்னால் சாய்த்து, வலப்பக்கம் திருப்பி, உச்சியில் மெதுவாக அழுத்திப் பார்ப்பார். வலி கைக்குப் பாய்ந்தால் சந்தேகம் உறுதியாகும். முழங்கைக்குப் பின்னால் சுத்தியலால் தட்டுவார், மடக்கிய கையை நீட்டித் தள்ளச் சொல்வார். பலம் குறையாமல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே அடங்கிவிடும். பலம் குறைந்தால் காத்திருக்காதீர்கள்.

அம்மாவுக்கு 62. படுக்கையில் புரண்டால் உலகமே சுற்றுகிறது என்கிறார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி நான்கு மாதமாக காலர் போட்டிருக்கிறார்.

காலரைக் கழற்றச் சொல்லுங்கள். நாள்கணக்கில் போட்டால் தசை இளைத்துக் கழுத்து இன்னும் விறைப்பாகிவிடும். நம் ஊரில் தலைசுற்றல் என்று வந்தாலே பழி தேய்மானத்தின் மேல்தான் விழுகிறது. புரளும்போது ஒரு நிமிடத்துக்குள் வந்து போகிற சுற்றல் பெரும்பாலும் உள்காதில் துகள்கள் இடம் மாறியதால் வருவது. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சில நிலைகளில் திருப்பியே கண்டுபிடிப்பார், அப்படித் திருப்பியே சரியும் செய்வார். பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்பாவுக்கு வயது 67. கழுத்தில் லேசான வலிதான், அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் கொஞ்ச நாளாகச் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறார். நடக்கும்போது செருப்பு கழன்றுவிடுகிறது, அது அவருக்கே தெரிவதில்லை. வயதானால் இப்படித்தானா?

இல்லை. வந்த கேள்விகளிலேயே என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினால் வலி ஊரைக் கூட்டும். தண்டுவடமே அழுந்தும்போது பல நேரம் சத்தமே இருக்காது. சோற்றைப் பிசைவதும் கையெழுத்தும் மாறும், கால் தள்ளாடும். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். 10 விநாடிக்குள் எத்தனை முறை விரல்களை முழுதாக மடக்கி விரிக்கிறார் என்று எண்ணுங்கள். 20-ஐ எட்ட வேண்டும். அப்புறம், ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல் நுனியில் ஒட்டி வைத்துக் கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். அவர் விழுந்துவிடாமல் பிடிக்கப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

எண்ணிக்கை குறைந்தாலும் சரி, குறையாவிட்டாலும் சரி, இந்த வாரமே நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் நடுவிரல் நகத்தைச் சுண்டிப் பார்த்து கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று கவனிப்பார். எம்ஆர்ஐ இவருக்குத்தான் அவசரம். ஆபரேஷன் தேவைப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். அதன் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது, இழந்தது முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அதுவரை எண்ணெய் வழித்து சுளுக்கு எடுப்பவரிடம் மட்டும் அழைத்துப் போகவே கூடாது.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை நெட்டி முறிக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. தப்பா?

தப்புதான். கழுத்து எலும்புக்குள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் முடி வெட்டப் போன இடத்தில் எதற்கு? என் தலைக்குப் பழகிய சலூன்காரர், துண்டை உதறியதும் இரண்டு கையாலும் தாடையைப் பிடிக்க வருவார். நான் அதற்குள் எழுந்து பர்ஸை எடுத்துவிடுவேன்.