தெரியாத பாடத்தைக் கையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகன் படிவம் 2 படிக்கிறான். அறிவியல் போட்டிக்குப் பள்ளி அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு மின்சாரம், தாவரம் எனப் பழகிய பாடங்கள் போய்விட்டன. இவனுக்குக் கிடைத்தது ‘கற்களும் கனிமங்களும்’. ஆறு வாரம்தான் இருக்கிறது. டியூஷனிலும் இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. நானும் கணவரும் தோட்டத்தில் வேலை செய்கிறோம். எங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. விலகிக்கொள்ளச் சொல்லலாமா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் அம்மா, விலகச் சொல்லாதீர்கள். பள்ளியில் ஆழமாக நடத்தாத பாடம் என்றால், எதிரே உட்காரப் போகும் பிள்ளைகளில் பலருக்கும் அது புதிதுதான். தவிர, உங்கள் மகன் இருக்கும் இடம் கிந்தா பள்ளத்தாக்கின் வடக்கு வாசல். நிலவியல் படிக்க இதைவிட நல்ல ஊர் மலேசியாவில் எத்தனை இருக்கும்?

முதல் வாரத்தில் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஆசிரியரிடம் போட்டி விதிகளையும், கிடைத்தால் பழைய கேள்விகளையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேள்வி எந்த மொழியில் வரும், கையில் கல்லைக் கொடுத்து அடையாளம் கேட்பார்களா, குறிப்புத் தாள் கொண்டுபோகலாமா என்ற மூன்றுக்கும் பதில் தெரிய வேண்டும். புதுப் பாடத்தில் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் படிக்காததால் அல்ல, கேட்காததையெல்லாம் படித்ததால்தான். முதல் பக்கத்திலிருந்து கோடு போட்டுப் படித்து, பாதிப் புத்தகத்தில் நாள் முடிந்துபோன பிள்ளைகளைப் பார்த்து நான் மனம் வருந்தியிருக்கிறேன்.

அடுத்து ஒரு காலணிப் பெட்டி. அதில் பன்னிரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஆற்றங்கரைக் கூழாங்கல், கட்டுமானத்துக்குக் கொட்டிய சல்லி, உடைந்த மார்பிள் துண்டு, தோட்டத்துச் சாலையில் கிடக்கும் செம்பாறைக் கட்டி, எதுவானாலும் சரி. கல்லுடைக்கும் குவாரிக்கும் பழைய ஈயக்குட்டைப் பக்கமும் மட்டும் அனுப்பாதீர்கள். அங்கே கரை சரியும், பாறை உருளும்.

சோதனைக்கு வேண்டியதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளப்பது மோஸ் அளவு. நகத்தின் கடினம் அதில் ஏறக்குறைய 2.5, கண்ணாடி 5.5. சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் கால்சைட்டுக்கு 3, குவார்ட்ஸுக்கு 7. ஆகவே கண்ணாடித் துண்டை மேசையில் வைத்துக் கல்லால் கீறினால், குவார்ட்ஸ் கோடு போடும், கால்சைட் போடாது. கீறிய பிறகு விரலால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மென்மையான கல் தன் பொடியை விட்டுச் செல்லும். அது கீறல் போலவே தெரியும். இந்த இடத்தில் ஏமாறாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. கல்லைச் சுரண்டி, அந்தப் பொடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்புக் கல் நுரைக்கும், கருங்கல் எனப்படும் கிரானைட் சும்மா இருக்கும். தரை ஓட்டின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்த்தால் கல்லின் பொடி நிறம் தெரியும். இரும்புத் தாதுவான ஹெமடைட் வெளியே கறுத்திருந்தாலும் செம்பழுப்புக் கோடுதான் போடும்.

எனக்கு மிகப் பிடித்தது அடர்த்திச் சோதனை. சமையலறை டிஜிட்டல் தராசில் கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளட்டும். 106 கிராம் என்று வையுங்கள். பிறகு பாதி தண்ணீர் உள்ள குவளையைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். கல் முழுதும் மூழ்க வேண்டும், அடியைத் தொடக்கூடாது. இப்போது தராசு 40 காட்டினால் அந்தக் கல்லின் கன அளவு 40 கன சென்டிமீட்டர். 106ஐ 40ஆல் வகுத்தால் 2.65, அதுதான் குவார்ட்ஸின் அடர்த்தி. சுண்ணாம்புக் கல்லும் 2.7 பக்கம் வருவதால் இதை மட்டும் நம்பக்கூடாது, வினிகரும் வேண்டும். ஆனால் கறுப்புக் கனிமங்களைப் பிரிப்பதில் இதற்கு இணையில்லை. டூர்மலின் ஏறத்தாழ 3.1, இல்மனைட் 4.7, வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட் 7. ‘டூலாங்’ என்னும் மரத் தட்டில் மண்ணை அலசிய பெண்களுக்கு ஈயம் அடியில் தங்கியதும் இந்தக் கனத்தால்தான்.

சொற்களிலும் ஒரு குழி இருக்கிறது. நம் ஊரில் ‘ஈயச் சுரங்கம்’ என்போம். அது வெள்ளீயம், மலாயில் ‘தீமா’, அணு எண் 50. தமிழ்ப் பாடநூலில் வெறும் ‘ஈயம்’ என்றால் காரீயம், மலாயில் ‘ப்ளும்பும்’, அணு எண் 82. தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை முதல் நாளிலிருந்தே எழுதிவரட்டும்.

மூன்றாம் வாரம் புத்தகத்தைத் திறக்கலாம். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்ற பிரிவு அப்போது வெறும் மனப்பாடமாக இருக்காது. உங்கள் ஊருக்குக் கிழக்கே நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடரின் கிரானைட், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய குழம்பாக இருந்து இறுகியது. ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகள் அதற்கும் முன்பே கடலடியில் படிந்த சுண்ணாம்பு. சூடான குழம்பு அந்தச் சுண்ணாம்பை நெருங்கிய இடங்களில் அது மார்பிளாக மாறியது. வெள்ளீயமும் அந்தக் குழம்போடு வந்ததுதான். மூன்று வகையும் அவன் பஸ்ஸில் போகும் வழியிலேயே இருக்கின்றன. ஈப்போவில் கனிமவளத் துறையின் நிலவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு ஒரு நாள் அழைத்துப் போங்கள். காசிட்டரைட்டைப் படத்தில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். கடைசி மூன்று வாரத்துக்கு வேண்டிய ஆள் நீங்கள்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவன் கையில் கொடுங்கள், ஒரு நிமிடம் கொடுங்கள். பெயரைச் சொன்னதும் “சரி” என்று சொல்லிவிடாமல், “எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். இரண்டு சோதனையாவது சொல்லி விளக்கினால் அந்த எண்ணுக்கு ஒரு கோடு போடுங்கள். தடுமாறினால் கல்லைத் தனியாக எடுத்து வையுங்கள். மறுநாள் இரவு முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.