மொழி கற்பித்தலில் முதுகலை: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் இளங்கலை ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டில் இருப்பதாகவும், அடுத்து இரண்டாம் மொழி கற்றல், கற்பித்தல் சார்ந்த முதுகலைப் படிப்பில் சேர விரும்புவதாகவும், உறவினர்கள் எல்லோரும் பி.எட். முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குத் தயாராகட்டும் என்று வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். "ஆங்கிலம் நன்றாகவே பேசுகிறாள், அதைச் சொல்லிக்கொடுக்க ஆராய்ச்சிப் படிப்பு எதற்கு?" என்ற உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வேலை, கல்லூரி, செலவு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கான விடையும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது.

ஒரு மொழி தெரிந்திருப்பது வேறு. அந்த மொழி இன்னொருவருக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தெரிந்திருப்பது வேறு. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் "ஹீ டிட் நாட் வென்ட்" என்று எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சிவப்பு மையால் சுழிக்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியரோ, இறந்தகாலத்தைக் காட்ட வேண்டும் என்பதை இந்த மாணவன் புரிந்துகொண்டு அதை இரண்டு இடங்களில் காட்டிவிட்டான் என்றும், "ஹீ நோ கோ" என்று எழுதும் மாணவனைவிட இவன் பல படி முன்னே வந்துவிட்டான் என்றும் கண்டுகொள்வார். இதே பிழையை வேறு தாய்மொழிக்காரர்களும் செய்வதால் இதற்குத் தமிழைக் குற்றம் சொல்ல முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். மாறாக, "சன் ரைஸஸ் இன் ஈஸ்ட்" என்று எழுதும் மாணவன் "தி" என்ற சொல்லை இரண்டு இடங்களிலும் விட்டுவிடுவதற்கு, தமிழில் அதற்கு ஈடான சொல்லே இல்லாதது ஒரு வலுவான காரணம். இரண்டும் ஒரே அளவு சிவப்பு மையை வாங்கும் பிழைகள்தாம். ஆனால் இரண்டுக்கும் தரவேண்டிய பயிற்சி ஒன்றல்ல. கற்பவரின் பிழை அவருடைய மனத்தில் உருவாகிவரும் இலக்கணத்துக்குச் சான்று என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இல் எழுதினார். தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் இடைப்பட்ட அந்த நிலையை விளக்க 1972-இல் லாரி செலிங்கர் 'இடைமொழி' என்ற கருத்தை முன்வைத்தார். உங்கள் மகள் படிக்க விரும்பும் துறை ஏறக்குறைய இந்த இரு கட்டுரைகளிலிருந்துதான் வளர்ந்தது.

இது மேல்நாட்டுச் சங்கதி, நமக்கு ஒத்துவராது என்று உங்கள் உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியன்று. 1979 முதல் 1984 வரை மொழி கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய திட்டம், உலகெங்கும் மொழி கற்பித்தல் பாடத்திட்டங்களில் இன்றும் படிக்கப்படுகிறது. இலக்கண விதியை முதலில் சொல்லிப் பிறகு பயிற்சி தருவதற்குப் பதிலாக, ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற வேலைகளை மாணவர்களுக்குக் கொடுத்து, அவற்றைச் செய்து முடிக்கும் போக்கிலேயே மொழி படியுமா என்று அவர் பார்த்தார். அதன் பலன்கள் பற்றிய விவாதம் பின்னரும் தொடர்ந்தது. ஆனால் செயல்பணி வழிக் கற்பித்தல் என்று இன்று வழங்கும் முறையைப் பற்றிப் பேசும் எவரும் அந்தத் திட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த குமாரவடிவேலு, எல்லா வகுப்பறைக்கும் பொருந்தும் ஒரே 'முறை' என்ற எண்ணத்தையே 1994-இல் கேள்விக்கு உட்படுத்தினார். நம் பக்கத்து வகுப்பறைகளை அறிந்தவர்களின் குரல் இத்துறையில் உண்டு.

துறைக்குள் சச்சரவுகளும் ஏராளம். அவற்றை ரசிக்கும் மனம் இருப்பவரே இங்கே நிலைப்பார். புரியக்கூடிய மொழியைப் போதிய அளவு கேட்டும் படித்தும் வந்தால் மொழி தானே வரும் என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிரஷன் வாதிட்டார். கனடாவில் பிரெஞ்சு வழியில் ஆண்டுக்கணக்காகப் படித்த ஆங்கிலக் குழந்தைகளைக் கவனித்த மெரில் ஸ்வெயின், கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் தேறியிருந்தும் பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் நீடிப்பதைக் கண்டு, பேசவும் எழுதவும் வைத்தாக வேண்டும் என்று 1985-இல் எழுதினார். வயது பற்றியும் இதே நிலைதான். எல்.கே.ஜி.யிலேயே ஆங்கிலம் தொடங்கினால்தான் வரும் என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். ஆனால் வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டுமே பாடம் நடக்கும் பள்ளிகளில், ஒரே அளவு மணி நேரம் படித்த பிறகு ஒப்பிட்டால் பிந்தித் தொடங்கியவர்களே முன்னே நின்றார்கள் என்று ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. இதை வைத்துச் சிறு வயதில் தொடங்கவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. அந்த மொழி பேசப்படும் நாட்டில் வளரும் குழந்தையின் கதை வேறு, வகுப்பில் மட்டும் அதைச் சந்திக்கும் குழந்தையின் கதை வேறு. இந்த வேறுபாட்டை ஆதாரத்தோடு எடுத்துச்சொல்லத் தெரிந்தவர்கள் பள்ளி நிர்வாகங்களிலும் பாடநூல் குழுக்களிலும் குறைவாகவே இருக்கிறார்கள் என்பது என் கருத்து.

இனி வேலைக்கு வருகிறேன். இங்கே நயமாகப் பேசுவதைவிட நேராகச் சொல்வதே உங்களுக்கு உதவும். அரசுப் பள்ளிதான் இலக்கு என்றால் உறவினர்கள் சொல்வது சரி: பி.எட். இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தகுதித் தேர்வும், முதுகலை ஆசிரியர் பணிக்கு உரிய பாடத்தில் முதுகலையும் பி.எட்.டும், அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் வேண்டும். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காடும், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் அடிப்படை. நெட் தேர்வில் ஆங்கிலத்தைப் போலவே மொழியியலும் தனிப் பாடமாக உண்டு. அதிலேயே இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால், 2023 முதல் அது மாதத்துக்கு 37,000 ரூபாய் என்பதால், முனைவர் பட்டக் காலத்தில் வீட்டுக்குப் பாரமில்லாமல் படிக்கலாம்.

இவற்றுக்கு வெளியே, பாடநூல் பதிப்பகங்கள், மொழித் திறன் தேர்வு நடத்தும் அமைப்புகள், இணையவழிக் கற்றல் நிறுவனங்கள், பொறியியல் கல்லூரிகளின் மொழி ஆய்வகங்கள் என்று பணியிடங்கள் சிதறிக் கிடக்கின்றன. நல்ல வேலைகள் உண்டு, ஆனால் பணிப் பாதுகாப்பு குறைவு. அயல்மொழி கற்பித்தலில் தேவை கூடிவருவதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பணிபுரியப் போகும் செவிலியர்களுக்குப் பொதுவாக பி2 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஆறு படிகளில் நான்காவது) ஜெர்மன் தேவைப்படுவதால், வார்டில் இரவுப் பணி முடித்துவிட்டு வந்து உட்காரும் 25 வயதுப் பெண்ணுக்கு ஒரு புதிய மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் வேண்டியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைக்குக் கற்பிப்பதுபோல் இவருக்குக் கற்பிக்க முடியாது. இடைமொழி, சொல்வள அளவு, தேர்வு வடிவமைப்பு எல்லாம் படித்தவருக்கு இங்கே மதிப்பு உண்டு. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியையும் மேல்நிலை வரை உங்கள் மகள் கற்றுவைத்தால் அவருடைய வாய்ப்பு நிச்சயம் விரியும்.

நம்மவர்கள் அதிகம் யோசிக்காத இன்னொரு வழி, தமிழையே இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் தமிழில் பணிக்குப் போதுமான தேர்ச்சி பெறச் சுமார் 44 வாரங்கள், 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. (முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம் என்று சுவரொட்டி ஒட்டுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.) புத்தகத்தில் "வருகிறார்கள்" என்று படித்தவர் தெருவில் "வர்றாங்க" என்பதைக் கேட்டுத் திகைப்பதால், எதை முதலில் கற்பிப்பது என்பது உண்மையான ஆராய்ச்சிக் கேள்வி. சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005-இல் பேச்சுத் தமிழுக்கும் வகுப்பில் இடம் தரப் பரிந்துரைத்தது இதனால்தான். மதுரையில் அமெரிக்க இந்தியவியல் கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்காகத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் பாடங்கள் நடத்துகிறது. பணியிடங்களின் எண்ணிக்கை சிறிது. ஆனால் அவற்றுக்குத் தகுதியானவர்களின் எண்ணிக்கை அதைவிடச் சிறிது.

எங்கே படிப்பது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். 1958-இல் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் இன்று மத்தியப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. லக்னோவிலும் ஷில்லாங்கிலும் வளாகங்கள் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் தனியார் நிறுவனங்களைவிட மிகக் குறைவு. மொழியியலின் பக்கம் நாட்டம் என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை நீண்ட மரபு கொண்டது. 1969-இல் மைசூருவில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் பட்டப்படிப்புக்கு உரிய இடம் அன்று என்றாலும், ஓர் இந்திய மொழியைப் பிற மொழி ஆசிரியர்களுக்குப் பத்து மாதத்தில் கற்பிக்கும் அதன் வட்டார மையங்களும், அது வெளியிட்டுள்ள பாடநூல்களும் உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டியவை. ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா என்ற சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 120 மணி நேரப் பாடமும், உண்மையான மாணவர்களுக்கு முன் 6 மணி நேரக் கற்பித்தலும் கொண்ட அது நல்ல பயிற்சி; ஆனால் பி.எட்.டுக்கு மாற்றாக நம் அரசுப் பள்ளிகள் அதை ஏற்பதில்லை. நேரில் ஒரு மாணவரைக்கூடச் சந்திக்காமல் சில நாளில் தரப்படும் இணையச் சான்றிதழ்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் உங்கள் மகள் இந்தத் துறையைச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம் என்பதே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் ஓயாசிஸ் என்ற தளத்தில், மொழி ஆய்வுக் கட்டுரைகளின் ஒரு பக்கச் சுருக்கங்கள் எளிய நடையில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே பல்கலைக்கழகத்தின் ஐரிஸ் தளத்தில் ஆய்வாளர்கள் பயன்படுத்திய வினாத்தாள்களும் சோதனைகளும் உள்ளன. லாங்குவேஜ் லேர்னிங் அண்ட் டெக்னாலஜி, டெசல்-ஈஜே ஆகிய ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் திறந்தே கிடக்கின்றன; தமிழக மாணவர்களின் ஆங்கிலம் பற்றிய இரண்டு மூன்று ஆய்வேடுகளைப் படித்தாலே, தரமானது எது, பக்கத்தை நிரப்பியது எது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1974 முதல் இயங்கும் இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கத்தின் இதழும் கூட்டங்களும் வேலையில் இருப்பவர்களைச் சந்திக்க நல்ல வழி.

படிப்பதோடு நிறுத்த வேண்டாம். பக்கத்தில் உள்ள பள்ளியிலோ தெரிந்த டியூஷன் வகுப்பிலோ ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று, ஒரே தலைப்பில் 20 பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைப் பெயர் நீக்கி வாங்கி, கணினியில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஆண்ட்கான்க் என்ற இலவச மென்பொருளில் அவற்றை ஏற்றினால், எந்தச் சொல் எத்தனை முறை, எந்தச் சொற்களுக்கு நடுவே வந்திருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். 'தி' எங்கே விடுபடுகிறது, எந்த மாணவரிடம் விடுபடவில்லை என்று உட்கார்ந்து எண்ணும் அந்த வேலை சலிப்பூட்டுவது. அந்தச் சலிப்புக்குள்ளும் "இவனுக்கு மட்டும் ஏன் வந்தது?" என்று அவர் கேட்கத் தொடங்கினால் தயங்காமல் அனுப்புங்கள். இரண்டே நாளில் மூட்டை கட்டி வைத்துவிட்டு நாவல் படிக்கப் போனால், அதுவும் தவறில்லை. அவருக்கு உரியது இலக்கியம், அதற்கேற்ற முதுகலையைத் தேடலாம்.

அவர் இதில்தான் சேர்வது என்று முடிவானால், முதுகலையை முதலில் முடித்துவிட்டு, தேவைப்பட்டால் அதன் பிறகு இரண்டு ஆண்டு பி.எட். படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். முதுகலை ஆசிரியர், கல்லூரி ஆசிரியர் ஆகிய இரு வழிகளும் அப்போது திறந்திருக்கும். ஆனால் ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். 'எம்.ஏ. ஆங்கிலம்' என்று இல்லாமல் ஆங்கிலம் கற்பித்தல், பயன்பாட்டு மொழியியல் என்றெல்லாம் பெயர் தாங்கிய பட்டங்கள், தமிழக அரசுப் பணித் தேர்வுகளில் ஆங்கிலப் பட்டத்துக்கு இணையானவை என்று தானாகவே ஏற்கப்படுவதில்லை. இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சான்றிதழ் சரிபார்ப்பின்போது கேட்பார்கள். ஆகவே சேர்க்கைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, பட்டச் சான்றிதழில் பாடத்தின் பெயர் எப்படி அச்சிடப்படும் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள்; அந்தப் பெயருக்கு அரசாணை உள்ளதா என்று சரிபார்த்து, இரண்டின் நகலையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.