வயர மாத்தறதுக்கு முன்னாடி மெனுவப் பாருங்க: டிவி, ரிசீவர் கேள்வி பதில்

டிவி மெலிசாக மெலிசாக அதுக்குள்ள இருக்குற ஸ்பீக்கரும் நோஞ்சானாயிடுச்சு. அதனாலயோ என்னவோ, பரண்ல கிடந்த ரிசீவர, அதாவது சத்தத்த வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரிச்சுத் தர்ற பெட்டிய, தூசு தட்டி எடுத்தவங்க, புதுசா வாங்கினவங்கன்னு நெறைய பேரு ஹோம் தியேட்டர் பத்தியே எழுதியிருக்கீங்க. படிச்சுப் பார்த்தா முக்காவாசிக்கு காசு செலவே இல்ல, ரிமோட்ட எடுத்து செட்டிங்ஸ்க்குள்ள போனா முடிஞ்சுது.

புதுசா 55 இன்ச் ஸ்மார்ட் டிவியும் 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ரிசீவரும் வாங்கினோம் சார். எச்டிஎம்ஐ வயர் போட்டாச்சு. செட்டாப் பாக்ஸ் ஓடும்போது ரிசீவர்ல சத்தம் வருது, ஆனா டிவியிலயே இருக்குற நெட்ஃப்ளிக்ஸ், ப்ரைம் எல்லாம் போட்டா டிவி ஸ்பீக்கர்ல தான் கேக்குது. கடைக்காரர் காஸ்ட்லி வயர் ஒண்ணு வாங்கச் சொல்றார். வாங்கலாமா? (வாசகி, நங்கநல்லூர்)

இப்ப வாங்காதீங்கம்மா. செட்டாப் பாக்ஸ நீங்க ரிசீவர்ல சொருகியிருக்கீங்க, அதனால சத்தம் அங்கயே எறங்கிடுது, படம் மட்டும் டிவிக்குப் போகுது. நெட்ஃப்ளிக்ஸ் அப்படி இல்ல, அது டிவிக்குள்ளயே இருக்கு, அந்தச் சத்தம் அதே வயர்ல ரிவர்ஸ்ல ரிசீவருக்கு வரணும். இப்படி திரும்பி வர்ற வசதிக்கு தான் ஆர்க்னு பேரு, 2009-ல எச்டிஎம்ஐ 1.4 வந்தப்போ சேர்ந்து வந்தது. டிவியில மூணு நாலு எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் பொதுவா ஒண்ணே ஒண்ணுல தான் இது வேலை செய்யும், பக்கத்துலயே ஆர்க் இல்ல ஈ-ஆர்க்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. செவுத்துல மாட்டின டிவின்னா எட்டிப் பாக்கக் கஷ்டம், ஃபோன் கேமராவ உள்ள விட்டு ஒரு ஃபோட்டோ எடுத்துப் பாருங்க.

வயரோட இன்னொரு முனை ரிசீவரோட அவுட்ல இருக்கணும், மானிட்டர் அவுட்னு போட்டு அங்கயும் ஆர்க்னு இருக்கும். ரெண்டு அவுட் இருந்தா ஆர்க்னு போட்டதுல சொருகுங்க. அப்புறம் ரெண்டு மெஷின்லயும் சிஈசிய, அதாவது எச்டிஎம்ஐ வயர் வழியா ஒரு மெஷின் இன்னொண்ண கண்ட்ரோல் பண்ற வசதிய, ஆன் பண்ணணும், இங்க தான் பாதி பேரு திணறிடுறாங்க, ஏன்னா ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கான்: சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க். ரிசீவர் மெனுவுலயும் ஆர்க்னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கும், நெறைய மாடல்ல அது வரும்போதே ஆஃப்ல தான் வரும். கடைசியா டிவியோட சவுண்ட் அவுட்புட்ட டிவி ஸ்பீக்கர்லேர்ந்து ரிசீவருக்கு மாத்துங்க.

இவ்வளவும் பண்ணி வரலன்னா ரெண்டையும் ஸ்விட்ச் போர்டுலயே ஆஃப் பண்ணி, பிளக்க உருவி அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி போடுங்க. ரிமோட்ல ஆஃப் பண்ணா அது ஸ்டாண்ட்பை தான், அது போதாது. அதுக்கும் அசையலன்னா அப்ப வயர சந்தேகப்படுங்க.

ஈ-ஆர்க் இல்லன்னா, தலைக்கு மேலேர்ந்தும் சத்தம் வர்ற மாதிரி கேக்க வைக்கிற டால்பி அட்மாஸே வராதுன்னு கடையில பயமுறுத்துவாங்க, அதையும் அப்படியே நம்பாதீங்க. ஈ-ஆர்க் 2017-ல எச்டிஎம்ஐ 2.1 கூட வந்தது, சுமார் 37 எம்பிபிஎஸ் வரைக்கும் தூக்கும், பழைய ஆர்க் 1 எம்பிபிஎஸ் கிட்ட தான். ஆனா ஓடிடி ஆப்ல வர்றது டால்பி டிஜிட்டல் பிளஸ்ங்கற சுருக்கின சத்தம், அதுக்குள்ளயே அட்மாஸையும் அடக்கி அனுப்புறாங்க, டிவியும் ரிசீவரும் சப்போர்ட் பண்ணா சாதா ஆர்க்லயே வரும். ப்ளூரே ப்ளேயர டிவியில சொருகி தரம் குறையாத ட்ரூ எச்டி சத்தம் கேக்குறவங்களுக்கு தான் ஈ-ஆர்க் கட்டாயம். அவங்களும் ப்ளேயர நேரா ரிசீவர்ல சொருகிட்டா அந்தக் கவலை இல்ல.

எங்க ரிசீவர்ல சத்தம் நல்லா வருது, ஆனா பின்னாடி ரெண்டு ஸ்பீக்கரும் செத்த மாதிரி இருக்கு. டிஸ்ப்ளேல எப்பவும் பிசிஎம்னு தான் காட்டுது. ஸ்பீக்கர் போச்சா? (வாசகர், பெரம்பூர்)

ஸ்பீக்கர் போகல. ரிசீவர்லயே டெஸ்ட் டோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், போட்டா ஒவ்வொரு ஸ்பீக்கரா இஸ்ஸ்னு இரையும், பின்னாடியும் இரைஞ்சா வயரிங் ஓகே. அப்புறம் டிவி சவுண்ட் செட்டிங்ஸ்ல டிஜிட்டல் ஆடியோ அவுட்னு இருக்கும், அது பிசிஎம்ல, அதாவது டிவியே சத்தத்த டிகோட் பண்ணி அனுப்புற முறையில, உக்காந்திருக்கும். சாதா ஆர்க்ல பிசிஎம்னா டிவி எல்லாத்தையும் ரெண்டு சேனலா சுருக்கித் தான் அனுப்பும். அதை ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ, உங்க டிவில எந்தப் பேர்ல இருக்கோ அதுக்கு மாத்துங்க, அப்ப சத்தம் டிகோட் ஆகாம அப்படியே ரிசீவருக்குப் போகும். செட்டாப் பாக்ஸ்லயும் இதே மாதிரி ஒரு ஆடியோ செட்டிங் தனியா இருக்கும், அதையும் விடாதீங்க.

யூடியூபப் போட்டுப் பார்த்துட்டு வரலைங்காதீங்க, அதுல அனேகமா எல்லாமே ஸ்டீரியோ தான். படம் பேர் பக்கத்துல 5.1னு இருக்கான்னு பாருங்க, ஓடும்போது ஆடியோ மெனுவையும் திறந்து பாருங்க, சில படத்துல ஒரிஜினல் மொழிக்கு 5.1 இருக்கும், தமிழ் டப்பிங் ஸ்டீரியோவா இருக்கும். நெட்ஃப்ளிக்ஸ்ல அட்மாஸ் வேணும்னா பிரீமியம் பிளான் இருக்கணும்.

ஸ்டீரியோவ அஞ்சு ஸ்பீக்கருக்கும் பரப்புற மோடும் ரிசீவர்ல இருக்கு, பழசுல ப்ரோ லாஜிக், புதுசுல டால்பி சர்ரவுண்ட், டிடிஎஸ் நியூரல் எக்ஸ். கிரிக்கெட்டுக்கு அது ஜோர், கூட்டம் சுத்தி கத்தற மாதிரியே இருக்கும். ஆனா எண்பதுகள் ராஜா பாட்டப் போட்டுட்டு பின்னாடி ஸ்பீக்கர்ல வயலின் வரலியேன்னு தேடாதீங்க, என்னைக் கேட்டா பாட்டுக்கு ஸ்டீரியோ மோடுல முன்னாடி ரெண்டு மட்டும் போதும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணி வாங்கின 5.1 செட்டு அண்ணே, பின்னாடி ஆறு ஆர்சிஏ ஓட்டை தான், எச்டிஎம்ஐ கிடையாது. டிவி ஹெட்ஃபோன் பின்லேர்ந்து சிவப்பு வெள்ளை வயர் போட்டிருக்கேன். எல்லா ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வருது. செட்டத் தூக்கிப் போட்டுட்டு சவுண்ட் பார் வாங்கிடவா? (வாசகர், வியாசர்பாடி)

தம்பி, தூக்கிப் போடாத. அந்த செட்டுல நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் நல்ல வூஃபரும் இருந்தா நடுத்தர விலை சவுண்ட் பார விட அது தேவலாம். ஹெட்ஃபோன் பின்ல ரெண்டு சேனல் தான் வரும், அதையே ஆறாப் பிரிச்சுப் போட்டா எல்லாத்துலயும் ஒண்ணு தான் கேக்கும். உனக்குத் தேவை டிவியோட டிஜிட்டல் சத்தத்த ஆறு சேனலாப் பிரிச்சுத் தர்ற ஒரு டால்பி டிடிஎஸ் டிகோடர் பாக்ஸ், அதே ரிச்சி ஸ்ட்ரீட்லயே கிடைக்கும். டிவியோட ஆப்டிகல் அவுட்லேர்ந்து பாக்ஸுக்கு ஒரு வயர், பாக்ஸ்லேர்ந்து செட்டுக்கு ஆறு ஆர்சிஏ: முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, சென்டர், சப்வூஃபர். சென்டரையும் சப்பையும் மாத்திச் சொருகிட்டா வசனம் பூரா வூஃபர்ல உறுமும், பார்த்து சொருகு.

ஆப்டிகல் வயர் முனையில கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழட்டணும். கழட்டாம அழுத்தி டிவி பக்கத்து வாயையே உடைச்சவங்க இருக்காங்க. டிவில சொருகினா இந்தப் பக்க முனையில சிவப்பு வெளிச்சம் தெரியணும். வயர மடக்கி ஒடிக்காத, உள்ள போறது வெளிச்சம். டிவி செட்டிங்ஸ்ல டால்பி டிஜிட்டல் வச்சுக்கோ, டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகல்ல போகாது. சில டிவி டிடிஎஸ்ஸ எடுக்கவே எடுக்காது, பென் டிரைவ்ல போட்ட படம் ஊமையா ஓடினா காரணம் அதான். இன்னொண்ணு, இந்த வழியில போனா டிவி ரிமோட்ல வால்யூம் ஏறாது, செட்டோட ரிமோட்டத் தான் தேடணும்.

அமெரிக்காவுல இருக்குற மச்சினர் வீடு மாத்தும்போது அவரோட ரிசீவரக் கொடுத்துட்டார். இங்க அப்படியே போடலாமா? லேப்டாப் சார்ஜர் எல்லாம் அங்கேர்ந்து வந்தது நல்லாத் தானே ஓடுது. (வாசகர், வேளச்சேரி)

சார், பிளக்க சொருகாதீங்க! லேப்டாப் சார்ஜர் 100லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்குற மாதிரி செஞ்சது. ரிசீவர் அப்படி இல்ல, பின்னாடி பிளேட்ல 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் இருந்துச்சுன்னா நம்ம 230 வோல்ட்ல போட்ட செகண்ட்லயே ஃப்யூஸாவது போகும், அதிர்ஷ்டம் இல்லன்னா போர்டும் போகும். பிளக்குக்கு அடாப்டர் மாட்டறது பின்னோட வடிவத்த தான் மாத்தும், வோல்ட்ட மாத்தாது. ஸ்டெபிலைசரும் இதுக்கு உதவாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், பிளேட்ல 400 வாட்னு இருந்தா 750, முடிஞ்சா 1000 வாட் வாங்குங்க. அவரோட சப்வூஃபரும் கூட வந்திருந்தா அதையும் அந்த டிரான்ஸ்ஃபார்மர்லயே போடணும், அப்போ ரெண்டோட வாட்டையும் கூட்டிக்கோங்க. டிவிய நம்ம கரெண்ட்ல நேரா போடுங்க. 60 ஹெர்ட்ஸ் 50 ஹெர்ட்ஸ் வித்தியாசம் பொதுவா ரிசீவருக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது.

ஒரு வேடிக்கை என்னன்னா, அதுல எஃப்எம் போட்டீங்கன்னா நம்ம சென்னை ஸ்டேஷன்ல 98.3, 93.5 எல்லாம் வரும், 106.4ம் ரெயின்போ 101.4ம் வராது. அமெரிக்காவுல ஸ்டேஷன் எல்லாம் கடைசில ஒத்தைப்படை எண்ல தான் இருக்கும், ட்யூனரும் அப்படியே தாவித் தாவிப் போகும். சில மாடல்ல இந்தத் தாவல மாத்த மறைவா ஒரு செட்டிங் இருக்கு, மேனுவலப் பாருங்க. அது பழைய மாடல்னா 4கே எச்டிஆர் படம் அது வழியா போகாமலும் இருக்கலாம், அப்போ பாக்ஸ் எல்லாத்தையும் டிவில சொருகிட்டு சத்தத்த மட்டும் ஆர்க்லயோ ஆப்டிகல்லயோ எடுங்க.

எங்க ஃப்ளாட் ஹால்ல சோஃபா செவுத்த ஒட்டி இருக்கு, பின்னாடி ஸ்பீக்கர் வைக்க இடமே இல்ல. எலக்ட்ரீஷியன் கரெண்ட் பைப்லயே ஸ்பீக்கர் வயரையும் விடறேங்கறார். அப்புறம் வசனமே கேக்க மாட்டேங்குது, சண்டை வந்தா மட்டும் வீடு அதிருது. (வாசகி, மடிப்பாக்கம்)

சர்ரவுண்ட் ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும்னு கட்டாயமே இல்ல மேடம். 5.1க்கு சொல்ற கணக்கு, நேரா டிவியப் பார்த்து உக்காந்தா ரெண்டு பக்கமும் 100லேர்ந்து 120 டிகிரி, அதாவது காதுக்குப் பக்கவாட்டுல லேசா பின்தள்ளி. சோஃபாவோட ரெண்டு ஓரத்துலயும், காத விட ஒரு அடி ரெண்டு அடி உயரத்துல செவுத்துல மாட்டி உள்பக்கமாத் திருப்பி வைங்க. முன்னாடி ரெண்டும் ஆளுக்கு 30 டிகிரி விலகி. சென்டர டிவி யூனிட் பொந்துக்குள்ள தள்ளி வைக்காதீங்க, பலகையோட முன் விளிம்புக்கு இழுத்து, மூக்க லேசாத் தூக்கி விடுங்க.

கரெண்ட் பைப்ல ஸ்பீக்கர் வயர் வேண்டவே வேண்டாம், இரைச்சல் வரும்ங்கறத விட ஒரு எடத்துல உரசி கரெண்ட் கசிஞ்சா ஆபத்து. தனியா ஒரு கேசிங் பட்டி அடிக்கச் சொல்லுங்க. வயருக்கு கேஜ் கணக்கெல்லாம் குழம்ப வேண்டாம், நல்ல காப்பர்ல 1.5 ஸ்கொயர் எம்எம், ஹாலுக்கு அது தாராளம். சிவப்புக்கு சிவப்பு, கறுப்புக்கு கறுப்பு எல்லா ஸ்பீக்கர்லயும் ஒரே மாதிரி போகணும், மாறினா பாஸ் காணாமப் போயிடும். செம்புக் கம்பி ஒரு இழை பக்கத்து முனையத் தொட்டாக்கூட ரிசீவர் ப்ரொடெக்ட்னு காட்டி ஆஃப் ஆயிடும்.

வசனத்துக்கு சென்டர் லெவல ரெண்டு மூணு டெசிபெல் ஏத்துங்க, ராத்திரில நைட் மோடு, இல்ல டைனமிக் ரேஞ்ச்னு இருக்குறத ஆன் பண்ணுங்க, வெடி அடங்கி பேச்சு மேல வரும். ரிசீவர் மெனுவுல ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஸ்மால்னு வச்சு கிராஸ் ஓவர் 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க, அதுக்குக் கீழ இருக்குற பாஸ் எல்லாம் சப்வூஃபருக்குப் போயிடும். சப்வூஃபர மூலையிலேர்ந்து ஒரு ரெண்டடி வெளிய இழுத்தாலே டைல்ஸ் தரை வீட்டுல அந்த அதிர்வு குறையும், கீழ்வீட்டுக்காரரும் படி ஏறி வர மாட்டார். டெனான்ல ஆடிசி, யமஹாவுல ஒய்பாவோன்னு மைக் வச்சு தானா செட் பண்ற வசதி இருக்கும், அதைப் பண்ணும்போது ஃபேன், ஏசி ரெண்டையும் நிறுத்துங்க, வேர்த்தாலும் பரவால்ல. அடுப்புல குக்கர் இருந்தா எறக்கிட்டு ஆரம்பிங்க, நடுவுல விசில் அடிச்சா மறுபடி மொதல்லேர்ந்து பண்ணணும்.

வாய் அசைவுக்கும் சத்தத்துக்கும் பொருந்தல. கூடவே ஸ்பீக்கர்ல எப்பவும் ஊம்ம்ம்னு ஒரு உறுமல். (வாசகர், திருவொற்றியூர்)

சத்தம் முந்திக்கிட்டு வந்தா ரிசீவர்ல ஆடியோ டிலே, லிப் சிங்க்னு இருக்கும், 20 மில்லி செகண்டா ஏத்திக்கிட்டே போங்க. சத்தம் பிந்தி வந்தா அங்க ஏத்தினா இன்னும் மோசமாகும், டிவில கேம் மோடு மாதிரி ஏதாவது ஆன்ல இருக்கான்னு பார்த்து எடுங்க, ரிசீவர் டிலேய பூஜ்யமாக்குங்க. உறுமலுக்கு, மொதல்ல கேபிள் டிவி வயர பாக்ஸ்லேர்ந்து திருகிக் கழட்டிப் பாருங்க, நின்னுடுச்சுன்னா எர்த் வித்தியாசத்தால வர்ற உறுமல், கேபிள்காரர்கிட்ட அந்த எர்த் தொடர்ப அறுக்குற ஐசொலேட்டர் கேளுங்க. நிக்கலன்னா டிவி, ரிசீவர், சப் எல்லாத்தையும் ஒரே போர்டுக்குக் கொண்டு வாங்க. இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் உறுமினா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், கரெண்ட் கட்ல ரிசீவர அணைச்சு வைங்க. சப்போட எர்த் பின்ன வெட்டிட்டா உறுமல் போயிடும்னு யாராவது யோசனை சொன்னா மட்டும் கேக்காதீங்க, உறுமல் போகலாம், ஆனா அடுத்த தடவை அதத் தொடறவங்களுக்கு ஷாக் அடிக்கும்.